பினாங்கில் பூ பார்க்கப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், வாட்சாப் குழுக்களில் இளஞ்சிவப்புப் படங்கள் வரிசையாக வந்து விழும். மேலே "நம்ம ஊர் சகுரா" என்று ஒரு வரி, கீழே நாலு இதயம். எந்தச் சாலை, எந்தத் தேதியில் எடுத்த படம் என்பது மட்டும் இருக்காது. அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு பொட்டானிக்கல் கார்டனுக்குப் போய், "எங்கே பூ? ஒன்றையும் காணோமே" என்று வாசலிலேயே நின்று கேட்கிறவர்களை வருடா வருடம் பார்க்கலாம். பூ இல்லாமல் இல்லை. அவர்கள் வந்த நாளும் நேரமும் சரியில்லை, தேடிய இடமும் சரியில்லை.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு காலண்டரைப் பார்த்துக் கிளம்புவது. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும்போது மரங்கள் பூக்கும், அதனால் வசந்தம் இன்ன மாதம் என்று அங்கே சொல்லிவிடலாம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 5 பாகைதான் வடக்கே இருக்கிறது. பகல் நேரமும் வெப்பமும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. இங்கே மரத்தை மாற்றுவது மழைதான். வாட்சாப்பில் "சகுரா" என்று வருகிற படங்களில் இருப்பது தெக்கோமா மரம். வாரக்கணக்கில் மழை இல்லாமல் காய்ந்தால் அது இலையைக் கொட்டிவிட்டு மொட்டு வைக்கும், அப்புறம் ஒரு நல்ல மழை பெய்து சூடு இறங்கியதும் மரம் முழுக்க ஒரே நேரத்தில் வெடித்துப் பூக்கும். வறண்ட நாட்கள் நீளமாக இருந்த வருடம் பூ அடர்த்தியாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் விட்டுவிட்டு மழை பெய்த வருடம் பாதி மரம் இலையோடும் பாதி மரம் பூவோடும் அரைகுறையாக நிற்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பொதுவாகப் பிப்ரவரியில் இருந்து ஏப்ரலுக்குள் ஒரு முறையும், ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறையும் பூக்கும். அதைவிடத் துல்லியமாக யாராவது தேதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே பார்க்க வேண்டியது வானத்தை. இரண்டு மூன்று வாரம் புல் காய்கிற அளவுக்கு வெயில் அடித்து, அதன் பிறகு ஒரு மழை கொட்டினால், அடுத்த சில நாட்களைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூ மரத்தில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான், முழு மரமும் பூத்து நிற்பது ஒரு வாரம், பத்து நாள் வரை போகும், நடுவில் பலமான மழை வந்தால் அதுவும் இல்லை. படம் உங்கள் கைக்கு வந்து சேரும்போது அது நாலு குழு தாண்டி வந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். போகிற பகுதியில் குடியிருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு "அண்ணே, இன்னைக்குக் காலையில மரம் எப்படி இருக்கு?" என்று கேட்பது எந்தச் செயலியையும்விட மேல்.

சகுரா என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர் எப்படியோ போகட்டும், அந்த நினைப்போடு போகிறவர்கள் சகுரா மாதிரியே ஒரு பூங்காவுக்குள் பாய் விரித்து உட்காரலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். தெக்கோமா நடு அமெரிக்காவில் இருந்து வந்த மரம், எல் சால்வடாரின் தேசிய மரம் அதுதான். சகுராவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இங்கே அதைப் பெரும்பாலும் சாலையோரத்திலும் சாலை நடுவிலும் நிழலுக்காக நட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் நல்ல பூ பார்க்கிற இடம் பல நேரம் வண்டிகள் பறக்கிற இடமாகவே இருக்கும். அவசர விளக்கைப் போட்டுவிட்டு இடது ஓரத்தில் காரை நிறுத்தி, குழந்தையை மரத்தடியில் நிற்க வைத்து, படம் எடுப்பதற்காகப் பின்னால் பின்னால் நடந்து சாலைக்கே வந்துவிடுகிற அப்பாக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சம்மன் வந்தால் காசோடு போச்சு, மோட்டார் சைக்கிள் வந்தால்? பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், காரை நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், அதுவும் விடிந்த கையோடு. நகராண்மைத் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டுவதற்கு முன்னால் கீழே விரிந்து கிடக்கிற பூவையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சரி, பொட்டானிக்கல் கார்டனுக்கு வருவோம். அங்கே போய் ஏமாறுகிறவர்கள் எதிர்பார்ப்பது பூப்பாத்தி. வண்ண வண்ணமாக வரிசை கட்டிய பாத்திகள் வேண்டுமென்றால் கேமரன் மலைக்குப் போகலாம். இது 1884இல், பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில், சார்லஸ் கர்டிஸ் என்ற தாவரச் சேகரிப்பாளரின் பொறுப்பில் தொடங்கிய தோட்டம். ஆங்கிலேயர்கள் இதை ஆரம்பித்தது அழகுக்காக மட்டும் இல்லை, எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும், எது காசாகும் என்று பார்ப்பதற்கும்தான். கர்டிஸ் அதற்கு முன்னால் இங்கிலாந்தின் வீச் நர்சரிக்காகக் காடு காடாக அலைந்து ஆர்க்கிட்டும் குடுவைச் செடியும் சேகரித்தவர். அந்த ஆளுடைய தோட்டத்தில் செடிகள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்காது, ஒவ்வொரு மரமும் தனித்தனி ஆளாக நிற்கும், பலவற்றில் பெயர்ப்பலகையும் இருக்கும். அதைப் படிக்காமல் நடந்தால் எல்லாம் வெறும் பச்சைதான்.

நுழைந்ததுமே நிற்கிற நாகலிங்க மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், மேலே இலை மட்டும் தெரிகிறது, நடையைக் கட்டுகிறார்கள். அதன் பூ கிளை நுனியில் வராது. அடிமரத்தில் இருந்து கயிறு கயிறாகத் தொங்குகிற காம்புகளில், நம் கண் உயரத்தில், சில நேரம் முழங்கால் உயரத்தில் பூக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் லிங்கமும் அதற்கு மேல் படம் எடுத்த நாகமும் என்று ஏன் சொன்னார்கள் என்று புரியும். அந்தப் படமும் மகரந்தத் தாள்கள்தான், ஆனால் அதில் இருக்கிற மகரந்தம் விதை உண்டாக்காது, தேனீக்குத் தீனியாகப் போகும். இந்தப் பூவில் தேன் கிடையாது. நடுவில் வட்டமாக இருக்கிற தாள்களின் மகரந்தம்தான் தேனீயின் முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் பயணம் போகிறது. வாசனை காலையில்தான் தூக்கும். சிவன் கோயில் மரம் என்று நாம் சொந்தம் கொண்டாடினாலும் இதுவும் தென் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். இன்னொன்று, வருடத்தின் பல மாதங்களில் பூ இருக்கும் என்பதால் தெக்கோமாவைத் தவறவிட்டவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் காய் பீரங்கிக் குண்டு அளவுக்குக் கனமாகத் தொங்கும். அதற்கு நேர் கீழே தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்காதீர்கள். விழுந்து உடைந்தால் வருகிற நாற்றம் தனிக் கதை.

அடுத்தது நேரம். பசியாறிவிட்டு, வீட்டைக் கூட்டிவிட்டு, பதினொரு மணிக்கு வந்து சேர்கிற குடும்பம் பூவையும் பார்க்காது, வெயிலையும் தாங்காது. தோட்டம் காலை 5 மணிக்கே திறந்துவிடும், உள்ளே போகக் கட்டணமும் இல்லை. தாமரை அதிகாலையில் விரிந்து உச்சி வெயிலுக்கு முன்பே கூம்பத் தொடங்கும். அல்லியில் இரண்டு வகை: ஒன்று இரவில் மலர்ந்து காலை வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், இன்னொன்று காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் எட்டு ஒன்பது மணிக்குக் குளத்தோரம் இருக்க வேண்டும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாள் பூ. காலையில் விரிந்தது மாலைக்குள் சுருண்டுவிடும்.

இதற்கெல்லாம் மேலே போகிறது அங்சானா. நம் சங்கப் பாட்டில் வருகிற வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். வெயில் காய்ந்து மழை பெய்த சில நாளில் மரம் முழுக்க மஞ்சளாகும், அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. மறுநாள் காலை அந்த மஞ்சள் எல்லாம் சாலையில் கிடக்கும். தேதி குறித்து அங்சானா பார்க்கப் போக முடியாது, வேலைக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டால் ஐந்து நிமிஷம் நிற்பதுதான் ஒரே வழி. "சனிக்கிழமை வந்து பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டால் அவ்வளவுதான்.

இப்போது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம். பூஜைக்குத்தானே, ஒன்றே ஒன்று என்று கையை நீட்டுவது. நாகலிங்கமும் செம்பருத்தியும்தான் முதல் பலி. கையில் சாமி காரணம் இருப்பதால் யாருக்கும் குற்ற உணர்ச்சி வருவதில்லை, கூட இருக்கிற பிள்ளையும் கற்றுக்கொள்கிறது. அது சேகரிப்புத் தோட்டம், அங்கே ஒரு மொட்டு போனால் ஒரு காயும் விதையும் போகிறது. பூ வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம், மாலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும். இன்னொரு கூட்டம் பூ மழை வீடியோவுக்காகக் கிளையைப் பிடித்து உலுக்குகிறது. இன்னும் ஓரிரு நாள் நிற்க வேண்டிய பூவைப் பதினைந்து வினாடி வீடியோவுக்காகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்து வருகிறவர் மொட்டைக் கிளையைப் பார்க்கிறார்.

குரங்குகள். தண்ணீர்மலைக் கோயில் அதே சாலையில் இருப்பதால் நம் ஆட்கள் சாமி கும்பிட்டுவிட்டு, வாழைப்பழமும் தேங்காய் மூடியும் போட்ட பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டபடியே தோட்டத்துக்குள் வருகிறார்கள். அங்கே இருக்கிற நீண்ட வால் குரங்குகளுக்குப் பை என்றால் சாப்பாடு என்று நன்றாகத் தெரியும். பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள், தண்ணீர்ப் புட்டியைத் தோள்பைக்குள் போடுங்கள். குரங்கு முன்னால் வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது மிரட்டல். சாப்பாடு போடுவதற்குத் தடை இருக்கிறது, மனிதரிடம் வாங்கித் தின்று பழகிய குரங்குதான் பிறகு பிள்ளைகளைக் கடிக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு மரத்தின் மேலே உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தால் அது லோத்தோங். கூச்ச சுபாவம், சும்மா பார்த்துவிட்டு வரலாம்.

தைப்பூசத்தையும் கணக்கில் எடுங்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், பூக்காலத்தின் தொடக்கத்தோடு மோதிக்கொள்ளும். அந்த நாட்களில் தோட்டமும் கோயிலும் இருக்கிற ஜாலான் கெபுன் பூங்கா சாலையில் வண்டி ஓட விடமாட்டார்கள், இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்தான். மலைமேல் முருகனைப் பார்க்க 513 படி ஏறுகிறவர்களுக்கு நடுவே கேமராவோடு பூ தேட நினைப்பது நடக்காத காரியம். அன்றைக்குச் சாமியைப் பாருங்கள், மரத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.

கோலாலம்பூரில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் யோசனை சொல்லித் தொடங்கிய லேக் கார்டன்ஸ்தான் இன்றைய பெர்டானா தாவரவியல் பூங்கா. அது 90 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஒரே நாளில் ஆர்க்கிட், செம்பருத்தி, ஏரி, மான் என்று எல்லாவற்றையும் சுற்ற நினைத்து மதியத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவதுதான் அங்கே வழக்கமான தவறு. காலையில் செம்பருத்தித் தோட்டம், அப்புறம் ஏரியோரம், போதும். 1960இல் தேசிய மலராக அறிவித்த பூங்கா ராயாவில், அதாவது செம்பருத்தியில், இத்தனை நிறமும் வகையும் இருக்கிறதா என்று அங்கே போனால்தான் தெரியும். வடக்கே இருக்கிற மாதிரிக் காய்ந்த மாதங்கள் கோலாலம்பூர் இருக்கிற கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வளவு தெளிவாக இருக்காது. அதனால் சரக்கொன்றை பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சரம் சரமாகத் தொங்குகிற அளவுக்கு அங்கே எதிர்பார்க்க வேண்டாம். விஷுவுக்குக் கனி வைக்கக் கொன்றை தேடுகிற மலையாள நண்பர்களிடம் கேட்டால் எந்தத் தெருவில் எந்த மரம் பூத்திருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

கடைசியாகச் சாயங்காலம் போகிறவர்களுக்கு. பூவைக் கொண்டுவருகிற அதே மழை மூன்று நாலு மணிக்கு இடியோடு வரும். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மடங்கத் தொடங்கி, காற்றும் குளிர்ந்தால் படம் எடுப்பதை நிறுத்துங்கள். குடை மாதிரி விரிந்திருக்கிறதே என்று அந்த மரத்தடியிலேயே ஒதுங்காதீர்கள், வயதான மரத்தின் கிளை ஒடிவதும் இடி இறங்குவதும் அந்த மாதிரி நேரத்தில்தான். கூரை போட்ட நிழற்குடையோ நுழைவாயில் கட்டடமோ எங்கே இருக்கிறது என்று உள்ளே வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியைக் கூட்டி வந்திருந்தால் அதற்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள்.