பாமிர் உயரத்தில் டீசல் ஹீட்டர் கரி பிடிக்காமலிருக்க

தஜிகிஸ்தானின் பாமிர் மலைகளைக் கடக்கும் எம்41 சாலையில் முர்காப் ஊரே ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரம். அக்-பைத்தால் கணவாய் 4,655. வீடாக மாற்றிய லாரிகளின் உள்ளே சூடேற்றும் டீசல் ஹீட்டர் மக்கர் செய்வது பெரும்பாலும் இங்கேதான். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் சொச்சம்தான். காற்று குறைந்தாலும் பம்ப் மட்டும் பழைய அளவிலேயே டீசலை அனுப்பும். பாதி எரிந்த டீசல் எரியறையிலும், டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைச் சுற்றிய வலையிலும் கரியாக அப்பிக்கொள்ளும். முதலில் புகை, பிறகு இரண்டு மூன்று முறை முயன்றால்தான் பற்றும், கடைசியில் பற்றவே பற்றாது.

உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் சென்சாரை ஊரிலேயே பொருத்திவிடுங்கள். மலையேறிய பின் அந்தப் பாகத்தைத் தேடுவது வீண்வேலை. இரவு முழுக்கக் குறைந்த சூட்டில் ஓட்டுவதுதான் அதிகம் கரி சேர்க்கும். அணைக்கும் முன் அரை மணி நேரம் முழு வேகத்தில் விடுங்கள். பிறகு ஸ்விட்சில் மட்டும் அணையுங்கள். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினால் குளிரூட்டும் விசிறி நின்று உள்ளே பாகங்கள் கருகும்.

கீழே இறங்கியதும் தனி கேனிலிருந்து மண்ணெண்ணெய் கொடுத்து முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் லேசான கரி எரிந்துபோகும். கெட்டியாகிவிட்டால் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான். மாற்று வலையும் கேஸ்கெட்டும் கையில் இருக்கட்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று படுக்கும்முன் குனிந்து பாருங்கள்.