ரொக்கமா, கார்டா: வெளிநாட்டில் பணம் வீணாகும் இடங்கள்

வெளிநாட்டுக் கடையில் கார்டைக் கொடுத்ததும் மெஷினின் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த நாட்டுப் பணத்தில் கழிக்கவா, உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா? பலரும் தங்கள் நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். பழகிய நாணயம், எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது என்ற நிம்மதி. ரொக்கம் எடுத்துப் போவதா, கார்டை நம்புவதா என்று புறப்படும் முன் நாள்கணக்கில் யோசித்தவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை முடிவு செய்வது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குகள் அல்ல. அந்தக் கடைக்குக் கார்டு மெஷின் சேவை தரும் நிறுவனம். அது தன் லாபத்தை விகிதத்துக்குள்ளேயே சேர்த்துவிடும். அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு சதவீதம் என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதியே அமலுக்குக் கொண்டுவந்தது. இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டினாலும், கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் தனியே பிடித்துக்கொள்ளும். ஒரே செலவுக்கு இரண்டு முறை இழப்பு. எனவே கடையானாலும் ஏடிஎம் ஆனாலும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் உங்களைக் கேட்காமல் தானே பட்டனை அழுத்திவிட்டால், ரசீதில் பார்த்து அங்கேயே ரத்து செய்யச் சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, தேர்வு உங்களுடையது.

இதற்கு அடுத்தபடியாக நான் பெரிதாக நினைக்கும் தவறு, கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் சொருகிப் பணம் எடுப்பது. கடையில் கிரெடிட் கார்டில் வாங்கினால், பில்லைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டும்வரை வட்டி இல்லை. ரொக்கமாக எடுத்தால் அந்தச் சலுகை பெரும்பாலான கார்டுகளில் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் தனி. ரொக்கம் தேவைப்பட்டால் டெபிட் கார்டில் எடுங்கள். அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (தாய்லாந்து நாணயம்) மேல் வாங்குகின்றன. 1,000 பாட் எடுத்தாலும் 10,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம் என்றால், எது மிச்சம் என்பது தெரிந்ததுதானே.

ஓட்டலிலும் வாடகைக் கார் எடுக்கும் இடத்திலும் நிலைமை தலைகீழ். அங்கே டெபிட் கார்டைக் கொடுப்பது தவறு. முன்பணமாக ஒரு தொகையை அவர்கள் முடக்கி வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது கடன் வரம்பில் மட்டும் குறையும். டெபிட் கார்டிலோ உங்கள் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். கையில் செலவுக்குப் பணமில்லாமல், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் நிற்கும் அவஸ்தை இப்படித்தான் வருகிறது.

போகும் நாட்டைப் பற்றி விசாரிக்காமல் கிளம்புவதும் ஆபத்து. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கார்டு வசதி பெருகிவிட்டது என்றாலும் ரொக்கம் மட்டுமே வாங்கும் சிறு கடைகள் இன்னும் இருக்கின்றன. ஸ்வீடனில் நேர் எதிர்: ரொக்கம் வாங்க மாட்டோம் என்று பலகை வைத்த கடைகள் ஏராளம். லண்டன் நகரப் பேருந்துகள் 2014 ஜூலை முதலே ரொக்கம் வாங்குவதில்லை. ரஷ்யாவிலோ, வேறு நாடுகளில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு கார்டுகள் எதுவும் 2022 மார்ச் முதல் செல்லாது. ஈரானுக்கும் அவற்றை நம்பிப் போக முடியாது. இத்தகைய நாடுகளுக்கு முழுச் செலவையும் ரொக்கமாகக் கொண்டுபோவதைத் தவிர பெரும்பாலோருக்கு வேறு வழியில்லை.

ரொக்கத்துக்கும் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து சுங்கப் படிவம் கொடுத்தால் எல்லோரிடமும் உள்ளதைக் கூட்டித்தான் கணக்கு. கொண்டுபோவது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. பழைய நோட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். பிரிட்டனின் காகித 20, 50 பவுண்ட் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லுபடியாகாது. முந்தைய பயணத்தில் மிஞ்சியதை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது கார்டையும் அதே பர்ஸில் வைத்திருப்பவர்கள் நிறைய. அது வேறு வங்கியுடையதாக, முடிந்தால் வேறு நெட்வொர்க்காக, வேறு பையில் இருக்க வேண்டும். கார்டை முடக்கச் சொல்லும் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அதில் சேமித்த எண்ணும் கூடவே போய்விடும்.

திரும்பும் நாளில் கையில் நிற்கும் ரொக்கத்தை மாற்ற விமான நிலையத்துக்கு ஓடுவதும் நஷ்டம்தான். அங்கே விகிதம் பொதுவாக மோசம். சில்லறைக் காசுகளை நாணயமாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்குவதே இல்லை. ஓட்டல் கணக்கை முடிக்கும்போது மிச்ச ரொக்கத்தைக் காசுகள் உட்படக் கொடுத்துவிட்டு, மீதித் தொகையை மட்டும் கார்டில் போடச் சொல்லுங்கள். பல ஓட்டல்களில் தயங்காமல் ஒத்துக்கொள்வார்கள்.