இசைத்தட்டுகளைப் பட்டியலிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இசைத்தட்டுகளைப் பட்டியலிட இப்போது இளைஞர்கள் பலர் ஆர்வத்துடன் முன்வருகிறார்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் எக்செல் தாள்களைத் திறந்தால், எங்கள் தலைமுறையினர் நோட்டுப் புத்தகங்களில் செய்த அதே தவறுகள் வரிசையாக நிற்கின்றன. எழுத்துப் பிழையையும் தூசி தட்டாமல் தட்டை ஓட்டுவதையும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; சொன்னால் மட்டுமே தெரியக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஒன்றானால் ஆளும் ஒருவரே என்று கொள்வது

டி.ஆர். மகாலிங்கம் என்ற பெயரில் ஒரே காலத்தில் இருவர் புகழுடன் இருந்தனர். ஒருவர், 'மாலி' என்று ரசிகர்கள் கொண்டாடிய புல்லாங்குழல் மேதை (1926–1986), திருவிடைமருதூர்க்காரர். மற்றவர், 1978இல் மறைந்த நடிகரும் பாடகருமானவர். சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். ஆங்கிலத்தில் எழுதினால் இருவருக்கும் ஊரின் தலைப்பெழுத்து 'டி'. தந்தையின் தலைப்பெழுத்தும் இருவருக்கும் 'ஆர்' ஆகவே அமைந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், தனியார் சேகரிப்பு ஒன்றின் பட்டியல் சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தது. 'ஃபுளூட் மகாலிங்கம்', 'மாலி', 'டி.ஆர். மஹாலிங்கம்' என்று பலவாறாகக் கிடந்த பெயர்களைச் சீராக்குவதாக எண்ணி, அதைத் தயாரித்தவர் அனைத்தையும் ஒரே பெயராக மாற்றியிருந்தார். மாற்றிய கையோடு, இனி எதற்கு என்று பழைய பெயர்கள் இருந்த நிரலையும் (காலம்) அழித்துவிட்டார். குழல் வித்வான் சினிமாவில் டூயட் பாடியவராகிவிட்டார். கேட்பதற்கு வேடிக்கைதான், ஆனால் மீண்டும் பிரிப்பது பெரும்பாடு. குழலில் வாசித்த தட்டுக்கும் கீர்த்தனையின் தொடக்கமே தலைப்பாக இருக்கும் என்பதால், தலைப்பை மட்டும் வைத்து அது வாய்ப்பாட்டா வாத்தியமா என்று முடிவுகட்ட இயலாது. படத்தின் பெயர் குறித்திருந்த பதிவுகளை மட்டும் ஒதுக்க முடிந்தது. மற்றவற்றுக்கு அலமாரியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி லேபிளைப் படிக்க வேண்டியிருந்தது. அதற்குள் சேகரிப்பின் ஒரு பகுதி கைமாறியிருந்தது. அந்தத் தட்டுகளுக்கு எதிரே இன்றுவரை கேள்விக்குறிதான் நிற்கிறது. அந்த ஒரு நிரலை அழிக்காமல் விட்டிருந்தாலே போதும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஆகவே லேபிளில் அச்சிட்டுள்ள பெயரை அதன் பிழைகளுடனேயே ஒரு நிரலில் எழுதுங்கள். அவர் இன்னார் என்று நீங்கள் கண்டறிந்ததை வேறொரு நிரலில் எழுதுங்கள். யேசுதாஸ் 'ஜேசுதாஸ்' என்று அச்சாகியிருந்தால் முதல் நிரலில் ஜேசுதாஸாகவே இருக்கட்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வீணை எஸ். பாலசந்தரும், 1954இல் பாடல்களே இல்லாத தமிழ்ப் படத்தை இயக்கிய எஸ். பாலசந்தரும் ஒருவரே, அவரை இருவராக்கிய பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன்.

மேட்ரிக்ஸ் எண்ணை விட்டுவிடுவது

லேபிளில் உள்ள வெளியீட்டு எண் தட்டு முழுமைக்கும் உரியது. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணோ, அந்தப் பக்கத்தின் ஒலிப்பதிவுக்கு உரியது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரே பதிவு பின்னாளில் வேறு வெளியீட்டு எண்ணில் வந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்ணே. இதைக் குறிக்காதவர்கள், ஒருவர் ஒருமுறை பாடியதை இருமுறை பாடியதாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

மறுவெளியீட்டு ஆண்டு

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். குறுந்தகட்டின் உறையில் உள்ள ஆண்டை அவர் பாடிய ஆண்டாக எழுதாதீர்கள்; தெரியாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

லேபிளில் உள்ள ராகம்

தவறாக இருந்தாலும் திருத்தாதீர்கள். உங்கள் கருத்துக்குக் குறிப்பு நிரல் இருக்கிறது.

சுருதி

பழைய தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. ஓட்டும் வேகம் மாறினால் சுருதியும் மாறும். எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டீர்கள் என்பதைச் சொல்லாமல், இவர் இத்தனை கட்டை சுருதியில் பாடினார் என்று எழுதாதீர்கள்.