இணையதளப் பிழைகளைத் திருத்த வைத்த என் அனுபவம்

எங்கள் பேரூராட்சியின் இணையதளத்தில், மாறுதலாகிச் சென்றுவிட்ட செயல் அலுவலரின் பெயரும் பயன்பாட்டில் இல்லாத தொலைபேசி எண்ணும் நெடுநாளாக நீடித்தன. சொத்து வரிக்கான இணைப்பைச் சொடுக்கினால் வெற்றுப் பக்கமே திறந்தது. இருமுறை அனுப்பிய மின்னஞ்சலும் திரும்பி வந்தது, ஏனெனில் அங்கே தந்திருந்த முகவரியிலேயே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது (பிழையைத் தெரிவிக்கும் வழியிலும் பிழை!). ஆகவே, தவறான பக்கங்களை அச்செடுத்து, ஓரத்தில் சரியான விவரங்களைச் சிவப்பு மையால் எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவின்படி பொது அமைப்புகள் தம்மைப் பற்றிய விவரங்களைத் தாமாகவே வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டி, நேரில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டும் பெற்றுக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் பெயரும் எண்ணும் முகவரியும் திருத்தப்பட்டன. வரி இணைப்புக்கு மட்டும் இன்னொரு நினைவூட்டல் தேவைப்பட்டது.