காலை 10 மணி மெயிலில் இரவு 11.30

அக்கவுண்ட்ஸ் பிரிவு காலை 10 மணிக்கு அனுப்பும் மெயில் எங்களுக்கு இரவு 11.30 என்று காட்டியது. அது பட்டியலின் உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ள, அப்புறம் வந்தவை கீழே போய்விட்டன. சர்வர் நேரம் சரி. அக்கவுண்ட்ஸ் கணினியில் மெயில் கணக்கை நீக்கிச் சேர்த்தும், கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரியை மாற்றியும் பயனில்லை. அந்தக் கணினியின் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் மெயில் ஹெடரை, அதாவது மெயிலோடு மறைவாக வரும் விவரக் குறிப்புகளைத் திறந்தேன். சர்வர்கள் எழுதும் 'ரிசீவ்டு' வரிகளில் +0530, அதாவது நம் நேர மண்டலம். அனுப்பும் கணினி எழுதும் 'டேட்' வரியில் மட்டும் 10:00, பக்கத்தில் -0800. அந்த மண்டலத்தில் காலை 10 என்றால் நமக்கு இரவு 11.30. நேர மண்டலம் அமெரிக்க பசிபிக்கில் இருக்க, யாரோ கடிகாரத்தை மட்டும் கையால் நம் நேரத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள்! மண்டலத்தை +5.30 ஆக்கி, இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதியையும் போட்டேன். அப்பாடா. பழைய மெயில்களின் நேரம் மாறாது. அவற்றை வந்து சேர்ந்த நேரப்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.