தோட்டத்துக் கேள்வியை ஆய்வாக வளர்ப்பது எப்படி?

பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதத் தொடங்கும் மலேசியத் தோட்டப்புற மாணவர்கள் பலர், ‘மலேசிய இந்தியர்களின் வாழ்வியல்’ போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது தலைப்பே ஒழிய கேள்வி அன்று. கேள்விக்கு இடமும் காலமும் வேண்டும். எதை எண்ணுகிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற தெளிவும் வேண்டும். சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சேர்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ‘எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனையை நட்ட பிறகு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்களா, குறைந்திருந்தால் ஏன்?’ என்று அவர் கேட்டால் ஆய்வு தொடங்கிவிடுகிறது. ஏனெனில் ‘குறையவில்லை’ என்ற விடைக்கும் அக்கேள்வியில் இடம் இருக்கிறது. தவறாகிப் போக வாய்ப்பே இல்லாத கருத்தை ஆய்வுக்கு எடுக்கக்கூடாது என்பதையே நான் மாணவர்களிடம் முதலில் வற்புறுத்துகிறேன்.

தேடலில் பெரும்பாலோர் இடறுவது பெயர்களில். பெஸ்தாரி ஜெயா என்னும் பெயர் 2007-இல் வந்தது. அதற்கு முந்திய ஆவணங்களில் அவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை. புதிய பெயரை மட்டும் இட்டுத் தேடிவிட்டு, நம் ஊரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்டுவது பெரிய இழப்பு. தோட்டப் பெயர்களும் அப்படியே. மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக 1917-இல் முதலில் நடப்பட்டது அவ்வூரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில். தமிழ்ப் பெயரான அதுவே ரோமன் எழுத்தில் வேறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே ஊர், தோட்டம் ஆகியவற்றின் பழைய பெயர், புதிய பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள், தொழிலாளர்கள் வழங்கிய பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நூலகரிடம் அதைக் காட்டித் தேடுங்கள். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்களும், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியுள்ள பழைய நாளிதழ்களும் இத்தகைய ஆய்வுக்குப் பயன்படக்கூடியவை.

குறிப்பெடுக்கும்போது நூலாசிரியரின் சொற்கள், அவர் காட்டும் சான்று, உங்கள் எண்ணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதி, பக்க எண்ணையும் அப்போதே குறித்துவிடுங்கள். பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டும் குற்றம் பல வேளைகளில் கலந்துபோன குறிப்புகளிலிருந்தே பிறக்கிறது.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்த பெரியவர்களிடம் பேசுவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் சொல்லி, பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறி அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவரின் சம்மதமும் வேண்டும். ‘செம்பனை வந்ததால்தானே தாத்தா எல்லாரும் வெளியேறினார்கள்?’ என்று கேட்டால் உங்கள் விடையை அவர் வாயிலிருந்து நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள். ‘நீங்கள் வெளியே வந்த ஆண்டில் மூத்த மகன் எந்த வகுப்பில் இருந்தான்?’ என்று கேளுங்கள். ஆண்டு மறந்தவருக்கும் பிள்ளை பிறந்ததும், தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவும், 1969 மே கலவரமும் நினைவில் இருக்கும்.

உண்மையான கடினம் பகுப்பாய்வில் இருக்கிறது. பால்மரத்தில் வழக்கமாக ஒரு நாள் விட்டு ஒரு நாளோ அதைவிட அடிக்கடியோ பட்டையைச் சீவிப் பால் எடுக்க வேண்டும். செம்பனைக் குலையை ஏறத்தாழ பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். அதே பரப்புக்கு ஆள் குறைவாகத் தேவைப்படும் என்பதால் மாணவியின் ஊகம் நியாயமானது. ஆனால் நியாயமான ஊகம் சான்றாகிவிடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிள்ளைகளை எண்ணுகிறதே தவிர குடும்பங்களை எண்ணவில்லை. குடும்பங்கள் அப்படியே இருந்து, வீட்டுக்குப் பிள்ளைகள் குறைந்திருக்கலாம். பெற்றோர் மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளியைத் தேர்ந்திருக்கலாம். மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்களுக்கு நேர்ந்த துண்டாடலும், அதாவது பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டதும், காரணமாக இருந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் உண்மையானால் பதிவேட்டில் என்ன தெரிய வேண்டும் என்று தனித்தனியே எழுதிப் பாருங்கள். மறுநடவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே எண்ணிக்கை சரியத் தொடங்கியிருந்தால் செம்பனையை மட்டும் முதற்காரணமாக்க முடியாது. பெரியவர் சொல்வதும் பதிவேடு காட்டுவதும் முரண்பட்டால் ஒன்றைப் பொய்யென்று ஒதுக்காதீர்கள். அவர் தம் லயத்தைச் சொல்கிறார், பதிவேடோ பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருக்கக்கூடும்.

எழுதும்போது கண்டறிந்ததை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு சான்றுகள் ஒத்துப்போகும் இடத்தில் ‘காட்டுகிறது’ என்றும், ஒன்றே கிடைத்த இடத்தில் ‘இருக்கலாம்’ என்றும் எழுதுங்கள். வரைவு முடிந்ததும், உங்களிடம் பேசிய பெரியவர்களுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுக்கும் இடங்களை அடிக்குறிப்பில் அவர்களுடைய சொற்களிலேயே பதிந்துவிட்டு, அதன் பிறகு கட்டுரையை ஒப்படையுங்கள்.