முதல் நாள் மாலையே பதிவிறக்கிவிடுங்கள்

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன; கைப்பேசியில் வருடினால் பாடக் காணொலி திறக்கும். ஆனால் நாற்பது பிள்ளைகள் காத்திருக்கும்போதுதான் இணையம் படுத்துவிடும். திரையில் வட்டம் சுற்றும் ஐந்து நிமிடத்தில் பாடம் கைநழுவிப் போகும். முதல் நாள் மாலையே திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் அந்தக் காணொலியைப் பதிவிறக்கி வையுங்கள்; இணையம் இல்லாமலே ஓடும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதைப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும் முன் நீங்களே இப்படி ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்கள். எங்கள் பள்ளியில் தயங்கிய மூத்த ஆசிரியை, நான் இரண்டு முறை தடுமாறி மூன்றாவது முறை சரிசெய்ததைப் பார்த்த பிறகே துணிந்து கைப்பேசியை எடுத்தார்.

எம்.எட். படிப்பவரா? எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் விழித்தார்கள் என்று பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான்.